துரையின் மோட்டார் சைக்கிளும் தொழிலாளியின் கைகளும்

மன்னர்களின் பட்டியலாகவும் மந்திரிசபைகளின் வரிசையாகவும் மட்டுமே வரலாற்றைக் கற்றோர் துருப்பிடித்த இரும்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இரும்புக்கும் வரலாறு உண்டு. தேயிலை ஸ்டோரின் பின்புறத்துக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்கும் பழைய ஆங்கில மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறிச் சென்ற துரையின் பெயரைத் தோட்டத்தின் பழைய ஏடுகளில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அதை நாள்தோறும் ஓடும் நிலையில் வைத்திருந்த தொழிலாளியின் பெயரை எந்த ஏட்டில் தேடுவது?

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே பெருந்தெருவில் அமைந்துள்ளது ஓப்பநாயக்க. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காக வெள்ளையர் ஆட்சி அமைத்த களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை, 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. இரண்டரை அடி அகலமே கொண்ட அச்சிறு பாதை, ஹோமாகமைக்கு அப்பால் 1976இல் மூடப்பட்டது. அவிசாவளை வரை அது பின்னர் உயிர் பெற்றது. ஓப்பநாயக்கவுக்கோ புகையிரதம் திரும்பி வரவேயில்லை. ஆனால் புகையிரதம் ஓடிய காலத்திலும், நிலையத்திலிருந்து மலையேறும் தோட்டப் பாதைகளுக்கு வேறு வாகனம் வேண்டியிருந்தது. துரையும் சின்னத்துரையும் குதிரையை விட்டிறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறியது இவ்வாறுதான். கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களோ நடந்தே சென்றனர்.

அக்காலத்து யந்திரங்களுள் பேர்பெற்ற ஒன்று பி. எஸ். ஏ. எம். 20. பர்மிங்ஹாம் நகரில் 1861இல் துப்பாக்கி செய்வதற்கெனத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் படைப்பு அது. 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர். வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே அமைந்தவை. வேகம் குறைவு, பொறுமை அதிகம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்காக ஏறக்குறைய 1,26,000 வண்டிகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் உபரியானவை உலகெங்கும் மலிவாக விற்கப்பட்டன. யுத்தம் பெற்ற பிள்ளை சமாதானத்தில் பிழைப்புத் தேடிய கதை இது.

இத்தகைய யந்திரம் பல்லாண்டு கிடந்த பின்னரும் சொற்பச் செலவில் உயிர் பெறக்கூடும். அதற்குக் காரணம் அதன் எளிமை. மின்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மக்னீற்றோ அதில் உள்ளது; ஆகவே எஞ்சினைக் கிளப்புவதற்குப் பற்றரி தேவையில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே தரங்குறைந்த பெற்றோலிலும் ஓடும்.

பழுது பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பிஸ்டன் இறுகியிருந்தால் உதைத்து முறிக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர் மேல் கியரில் இட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் இறுக்கம் தளரும். நெடுநாள் நின்ற வண்டியில் தாங்கியிலிருந்த எண்ணெய் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதியில் தேங்கியிருக்கும். அதை வடித்துப் புது எண்ணெய் விட வேண்டும். பெற்றோல் தாங்கிக்குள் சிறு கூழாங்கற்களும் வினாகிரியும் இட்டுக் குலுக்கினால் துரு கழன்று வரும். பின்னர் நன்கு கழுவி உலர்த்த வேண்டும். காபரேற்றரின் நுண்துளைகளை உருக்குக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். தூரிகையின் நார் ஒன்றே போதும். மக்னீற்றோவின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்து, பிளக்கைச் சிலிண்டரின் மேல் வைத்து உதைத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். தெரியாவிடில் மக்னீற்றோவின் கம்பிச் சுருளை மீண்டும் சுற்ற வேண்டியிருக்கலாம். செலவு மிக்க வேலை அதுதான். ஆகவே பொறியைச் சோதிக்காமல் வேறெதற்கும் பணம் இறைப்பது பேதைமை. பூச்சும் பளபளப்பும் கடைசியில். பிறேக்கிலும் டயரிலும் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? தோட்ட லயத்துப் பிள்ளைக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டவர் எவருமில்லை. அவனுக்குக் கல்லூரியாக அமைந்தது ஸ்டோர்தான். அங்கே தேயிலையை உருட்டியும் உலர்த்தியும் தந்த யந்திரங்கள் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல், பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் முதலிய நிறுவனங்களின் ஆக்கங்கள். ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த திருகாணி அளவே அக்காலத்து ஆங்கில யந்திரத் தொழிலின் பொதுமொழி. பழைய ஆங்கில மோட்டார் சைக்கிளின் திருகாணிகள் பலவும் அவ்வளவு மரபைச் சேர்ந்தவையே. பிற்காலத்து ஜப்பானிய வண்டிகளுக்கான மில்லிமீற்றர் சாவிகள் அவற்றுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை; வற்புறுத்தினால் திருகாணியின் தலை மழுங்கும். ஆனால் ஸ்டோர்த் தொழிலாளியின் பழைய சாவிப்பெட்டி பொருந்தும்! தேயிலை உருட்டும் யந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய கையே துரையின் வண்டியையும் கழற்றிப் பூட்டியது. சுரண்டலுக்கென வந்த யந்திரத்திலிருந்து தொழிலாளி தனக்கென எடுத்துக்கொண்ட ஒரே சொத்து இந்த அறிவு.

அந்த அறிவை நாடு முழுவதும் நம்பியிருந்த காலமும் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் சுருங்கின; 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. புது உதிரிப்பாகம் கிடையாதபோது பழையதைக் கடைந்தும் ஒட்டியும் பொருத்தினர். பிரித்தானியத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. ரோயல் என்ஃபீல்டின் ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது, பி. எஸ். ஏ. 1973இல் தன் தனித்துவத்தை இழந்தது. ஆயினும் 1955இல் உருவான என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டியைத் தொடர்ந்து செய்துவந்தது. தாய்நாட்டில் மடிந்த தொழில் தமிழ்த் தொழிலாளரின் கையில் பிழைத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களுக்கு நேர்ந்தது என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின, துரைமார் சென்றனர், கொட்டகையில் வண்டி நின்றது. 1977இலும் 1983இலும் மூண்ட வன்செயல்கள் சப்பிரகமுவத் தமிழர் பலரை ஊரைவிட்டே துரத்தின. கப்பலேறியவனும் வன்னிக்கு ஓடியவனும் சாவிப்பெட்டியையா சுமந்து சென்றிருப்பான்? ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் இவ்வாறு சிதறியது. 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம், பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே நாகரிகம் என்று கற்பித்தது.

ஆனால் காலம் மீண்டும் பாடம் நடத்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கம் வரை அத்தடை நீடித்தது. 2022இன் எரிபொருள் பஞ்சத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்தனர். பழைய வண்டியைக் கிளப்பத் தெரிந்தவனைத் தேடி அப்போது ஊர் அலைந்தது. இன்றோ அதே பழைய வண்டிகள் செல்வரின் சேகரிப்புப் பொருளாகி வருகின்றன. தோட்டத்தில் இரும்பு விலைக்கு வாங்கப்படுவது நகரத்து மண்டபத்தில் பளபளத்து நின்று பன்மடங்கு விலை பெறுகிறது. அந்தப் பெறுமதியில் பழுது பார்த்தவனுக்குப் பங்கு உண்டா?

பழம்பொருளைப் போற்றுவது நன்றே. ஆயின் பொருளை மட்டும் போற்றி அதை வாழவைத்த உழைப்பை மறப்பது, கோயிலை வணங்கிச் சிற்பியைத் தூற்றுவதற்கு ஒப்பாகும். தோட்டங்களில் இன்னும் எஞ்சியுள்ள முதிய யந்திரத் தொழிலாளரின் அனுபவங்களைத் தோட்டப் பாடசாலைகளும் தொழிற்சங்கங்களும் எழுதிப் பாதுகாக்கட்டும். கொட்டகையில் கிடக்கும் ஒரு வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்புமுன், அதைக் கழற்றிப் பூட்ட நான்கு இளைஞருக்கு அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். அதற்கு வேண்டிய முதல் சிறிது. அதனால் கிடைக்கும் அறிவோ எந்தச் சட்டத்தாலும் பறிக்க முடியாத குடியுரிமை.