மிகைகாண் சோதனை

மாதிரியில் தென்படும் வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடியதா என்று ஆராயும் புள்ளியியல் முறை. வேறுபாடே இல்லை என்னும் இன்மை எடுகோளை முதலில் வைத்துக்கொள்வர். அது மெய்யானால், கிடைத்த அளவோ அதற்கும் மேலோ வேறுபாடு தோன்றும் நிகழ்தகவு கணக்கிடப்படும். இதுவே பி-மதிப்பு. முன்னரே வகுத்த மட்டத்துக்கு, வழக்கமாக 0.05க்கு, அது கீழே இறங்கினால் எடுகோள் மறுக்கப்படும்.

இம்முறையின் முதல் தெளிவான சான்று 1710ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் அரசி ஆனின் மருத்துவரான ஜான் ஆர்பத்னாட், லண்டன் நகரின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் 1629 முதல் 82 ஆண்டுகளுக்கான எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தார். ஓராண்டு விடாமல் ஆண் குழந்தைகளே மிகுந்திருந்தனர். ஆணும் பெண்ணும் சமவாய்ப்பு என்றால் இப்படி நேர்வதற்கான நிகழ்தகவு, அரையை 82 முறை பெருக்கி வரும் அளவு. அதாவது 25 இலக்க எண் ஒன்றில் ஒரு பங்கு. ஆகவே இது கடவுளின் ஏற்பாடு என்றார் அவர். கணக்கில் பிழையில்லை. ஆனால் தற்செயலை விலக்கியதும் தமக்குப் பிடித்த காரணத்தை அந்த இடத்தில் அமர்த்தும் பழக்கமும் அன்றே தொடங்கிவிட்டது.

1900இல் கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையை வகுத்தார். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், சிறு மாதிரிகளுக்கான டி-சோதனைக்கு 1908இல் அடிகோலினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை இசையாததால் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அக்கட்டுரை வெளிவந்தது.

துறைக்கு வடிவம் தந்தவர் ரொனால்டு ஃபிஷர். ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்தபோது 1925இல் அவர் எழுதிய கையேடு 0.05ஐ நிலைநாட்டியது. கையாள வசதியான எல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் அவரும் கூறவில்லை. 1935இல் வெளியிட்ட நூலில் புகழ்பெற்ற தேநீர்ச் சோதனையை விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்கிறார் ஒரு பெண்மணி. இரு வகைக்கும் நான்காக 8 கோப்பைகள். பால் முதலில் ஊற்றிய நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளதால், குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய வாய்ப்பு 1/70, அதாவது ஏறத்தாழ 0.014. நான்கில் மூன்றேனும் சரியாக அமைய வாய்ப்பு 17/70. அது எதையும் நிறுவாது. 6 கோப்பைகள் மட்டும் வைத்திருந்தால் 20 வழிகளே உண்டு. ஒரு தவறும் செய்யாவிட்டாலும் பி-மதிப்பு 0.05க்குக் கீழே இறங்காது.

1933இல் ஜெர்சி நெய்மனும், கார்ல் பியர்சனின் மகன் ஈகான் பியர்சனும் மாற்று எடுகோளைச் சேர்த்து, மெய்யான இன்மை எடுகோளை மறுக்கும் முதல்வகைப் பிழை, பொய்யானதை மறுக்காமல் விடும் இரண்டாம்வகைப் பிழை, பொய்யானதை மறுக்கும் நிகழ்தகவான சோதனைத் திறன் ஆகியவற்றை வரையறுத்தனர். இதை ஃபிஷர் கடைசிவரை ஏற்கவில்லை. சரக்கை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்கும் விதி அறிவியலுக்கு ஆகாது என்பது அவர் வாதம்; 1955இல் எழுதிய கட்டுரையில் ரஷ்யாவின் ஐந்தாண்டுத் திட்டங்களையும் வம்புக்கு இழுத்தார். இன்றைய பாடநூல்கள் இரு தரப்பையும் ஒட்டுப்போட்டே கற்பிக்கின்றன. இரு தரப்பாரும் இதற்கு இசைந்திருக்க மாட்டார்கள்.

பி-மதிப்பு 0.05 என்றால் இன்மை எடுகோள் மெய்யாக இருக்க 5 விழுக்காடே வாய்ப்பு என்று கொள்வது பரவலான பிழை. 1,000 ஊகங்களில் 100 மட்டுமே மெய் என்றும், சோதனைத் திறன் 80 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். மெய்யானவற்றில் 80 தேறும். 0.05 மட்டத்தில் பொய்யான 900இல் 45 தவறித் தேறும். தேறிய 125இல் 36 விழுக்காடு பொய். மேலே கண்ட 1,000இல் 100 போன்ற முன்நிகழ்தகவிலிருந்து தொடங்கும் பேய்சிய முறையும் உண்டு. அந்த எண்ணை யார் தருவது என்பதில் அது தடுமாறுகிறது.

இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1948இல் ஸ்கோர் சோதனை என்னும் மற்றொரு மிகைகாண் சோதனையை அளித்தார். 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்பைப் பயன்படுத்துவது பற்றி ஆறு கோட்பாடுகளை வெளியிட்டது. 2019இல் 'நேச்சர்' இதழில் 800க்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் 0.05 போன்ற வரையறைக் கோட்டைக் கைவிடக் கோரினர். பெரும்பாலான ஆய்விதழ்களில் 0.05 இன்றும் வழக்கில் உள்ளது.