முதல் ஆஃப்ரோடு ரேஸுக்கு ரெடியா? ஜெயிக்கிறதுக்கு முன்னாடி முடிக்கணும் பாஸ்!

2015-ம் ஆண்டு டக்கார் ராலியில் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ் பிடித்த இடம் 36. கேட்கும்போது பெரிசா தெரியாது. ஆனால், அந்த ராலியை முழுசா முடித்த முதல் இந்தியர் அவர்தான். அதற்கு அடுத்த வருஷங்களில் இன்னும் சிலர் அந்தப் பாதையில் போனார்கள். 2024-ல் கேரளாவின் ஷோரனூர் பையன் ஹரித் நோவா, டக்காரில் ராலி-2 பிரிவையே ஜெயித்துவிட்டார். எல்லாம் தொடங்கியது ஒருத்தர் ரேஸை முடித்ததில் இருந்துதான்.

உங்கள் முதல் ஆஃப்ரோடு ரேஸுக்கும் இதே கணக்குதான். டக்கார் எல்லாம் அப்புறம். நம்ம ஊர்ப் பசங்க, பொண்ணுங்க மண்ணில் ரேஸ் ஓட்டிப் பார்க்க நல்ல நுழைவாயில், 'ராலி ஸ்பிரின்ட்'. அதற்கு எப்படித் தயாராவது? ஸ்டெப் பை ஸ்டெப்பாகப் பார்க்கலாம்.

ராலி ஸ்பிரின்ட்னா என்ன?

மோட்டோகிராஸில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, ஒரே நேரத்தில் சீறுவார்கள். ராலி ஸ்பிரின்ட் அப்படி இல்லை. சில கிலோமீட்டர் நீளமுள்ள மண் பாதையில், ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். எதிரி பக்கத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறார். அதே பாதையைச் சில முறை ஓட்ட வேண்டும். எல்லா நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவரே வின்னர். முதல் வளைவில் பத்து பைக்குகள் முட்டிக்கொள்ளும் ரிஸ்க் இதில் இல்லை. அதனால்தான் புதுசா வர்றவங்களுக்கு இது செட் ஆகும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 5 நிமிஷத்தில் முடிக்கக்கூடிய பாதையை 5 சதவிகிதம் மெதுவாக ஓட்டினால் உங்களுக்கு நஷ்டம் 15 விநாடி. அதே பாதையில் வேகமாகப் போய் ஒரு தடவை விழுந்தால்? 150 கிலோவுக்கு மேல் இருக்கும் பைக்கைத் தூக்கி, திருப்பி, ஸ்டார்ட் செய்து கிளம்புவதற்குள் அரை நிமிஷம் காலி. லீவர் உடைந்தால் ரேஸே காலி. கை உடைந்தால்... சொல்லவே வேண்டாம்.

பேப்பர் வேலை முதல்ல!

இந்தியாவில் மோட்டார் ஸ்போர்ட்ஸை நிர்வகிப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ அமைப்பு. தலைமையகம் நம்ம சென்னையிலதான். இதன் அனுமதியோடு நடக்கும் போட்டியில் கலந்துகொள்ள, இவர்கள் தரும் போட்டி லைசென்ஸ் வேண்டும். சாதாரண டிரைவிங் லைசென்ஸ் வேறு, இது வேறு. மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை. கடைசி வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதிமுறைப் புத்தகம் வரும். எந்த சிசி-க்கு எந்தப் பிரிவு, பைக்கில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என எல்லாம் அதில் இருக்கும். பார்ட்ஸ் வாங்கும் முன் அதைப் படியுங்கள். காசு போட்டு மாற்றிய சைலன்ஸரே உங்களை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். வழக்கமான பைக் இன்ஷூரன்ஸ் பாலிசி, ரேஸில் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது. மருத்துவக் காப்பீட்டிலும் சாகச விளையாட்டு பற்றி என்ன எழுதியிருக்கிறது எனப் படித்துப் பாருங்கள். போட்டி நடத்துபவர்களிடம் விபத்துக் காப்பீடு உண்டா, எவ்வளவு எனக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

காசு இருந்தா எதுல போடணும்?

பலரும் முதலில் கை வைப்பது இன்ஜினில். அதுதான் கடைசியில் வர வேண்டியது. வரிசை இப்படி இருக்கட்டும்:

1. ஹெல்மெட்: தரச்சான்று உள்ள மோட்டோகிராஸ் ஹெல்மெட், கூடவே காகிள்ஸ். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் லேயர் நசுங்கியிருக்கும். அதனால் செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வேண்டவே வேண்டாம்.

2. பூட்ஸ்: மண்ணில் விழும்போது பைக்குக்கு அடியில் மாட்டுவது கால்தான். கணுக்கால் மடங்காமல் காப்பது மோட்டோகிராஸ் பூட்ஸ். ரோட்டில் போடும் ரைடிங் ஷூ இதற்கு ஈடாகாது.

3. நெஞ்சு, முதுகு கவசம், முழங்கால், முழங்கை கார்டு, கிளவுஸ். பட்ஜெட் இடம் கொடுத்தால் கழுத்துக்கு நெக் பிரேஸ்.

4. டயர்: கட்டை கட்டையாக இருக்கும் ஆஃப்ரோடு டயர்.

5. பயிற்சி: டர்ட் டிராக்கில் இரண்டு நாள் கோச்சிங். கோலாரில் சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க் மாதிரி இடங்கள் இதற்காகவே இருக்கின்றன.

இதெல்லாம் முடிந்தும் காசு மிச்சமிருந்தால், அப்போ இன்ஜினைப் பற்றி யோசிக்கலாம்.

பைக் எப்படி இருக்கணும்?

புது பைக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உதாரணத்துக்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 199.6 சிசி இன்ஜின், முன்னால் 21 இன்ச் வீல், பின்னால் 18 இன்ச், சஸ்பென்ஷன் டிராவல் முன்னால் 190 மி.மீ, பின்னால் 170 மி.மீ. முதல் ரேஸுக்கு இது போதும். பெரிய முன்சக்கரம் கல், பள்ளத்தில் இடித்து நிற்காமல் ஏறி உருளும்.

ரேஸுக்கு முன் செய்ய வேண்டியவை:

* கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் போன்ற உடையும், கிழிக்கும் பாகங்களை விதிமுறைப்படி கழற்றுங்கள். அந்தக் கோலத்தில் பைக்கை ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதால், டிராக்குக்குக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது.

* கிளட்ச், பிரேக் லீவர் நுனிகள் உருண்டையாக இருக்கணும். ஹேண்டில்பாரின் ஓட்டை முனைகள் மூடியிருக்கணும். கூர்மையாக எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

* லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். நின்று ஓட்டும்போது மணிக்கட்டு நேராக இருக்கும். ரொம்ப இறுக்காதீர்கள். விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும்.

* டயர் காற்றை ரோட்டுக்கு வைப்பதைவிடக் குறையுங்கள். டியூப் டயரில் 18 முதல் 22 பி.எஸ்.ஐ-க்குள் ஆரம்பித்துப் பார்க்கலாம். கல் அதிகம் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கு நடுவே நசுங்கிப் பஞ்சராகும்.

* முழு கியரும் போட்டு நீங்கள் உட்காரும்போது பின் சஸ்பென்ஷன் அதன் டிராவலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கணும். 170 மி.மீ என்றால் 55 மி.மீ-க்குப் பக்கத்தில். அதற்கேற்ப ஸ்பிரிங் பிரீலோடை மாற்றுங்கள்.

* செயினை ரொம்ப டைட் வைக்காதீர்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும்.

* ஏர் ஃபில்டரை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பாருங்கள். முக்கியமான நட்டு, போல்ட் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு லூஸ் எனப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

உடம்பும் ஒரு பார்ட்ஸ்தான்

ஐந்து நிமிஷம்தானே என நினைக்காதீர்கள். மண்ணில் ஐந்து நிமிஷம் நின்று ஓட்டினால் தொடையும் முன்கையும் எரியும். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் வீங்கி, கல்லு மாதிரி ஆகி, பிரேக் பிடிக்கவே விரல் வராது. ரைடர்கள் இதை 'ஆர்ம் பம்ப்' என்பார்கள். தீர்வு, பைக்கை முழங்கால்களால் டேங்கில் கவ்விப் பிடிப்பது. கை லேசாக இருந்தால் போதும்.

குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஸ்குவாட், பிளாங்க், புஷ்-அப், கம்பியில் தொங்குதல். இரண்டு நாள் ஓட்டம் அல்லது சைக்கிள். வார இறுதியில் மண்ணில் பைக்.

பைக்கில் என்ன பழகணும்? நின்றுகொண்டு மெதுவாக ஓட்டுவது. இரண்டு கோன்களைச் சுற்றி '8' போடுவது. மண்ணில் முன் பிரேக்கை மெள்ள மெள்ள அழுத்தி, சக்கரம் வழுக்கும் எல்லையைத் தெரிந்துகொள்வது. வளைவில் சீட்டின் முன்பக்கம் நகர்ந்து, உள்பக்கக் காலை முன்னால் நீட்டி, வெளிப்பக்க ஃபுட்பெக்கில் எடையைப் போட்டு, பைக்கை மட்டும் சாய்ப்பது. ஜம்ப்பை கோச் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழகுங்கள்.

பயிற்சியை வனப்பகுதி, ஆற்றுப்படுகை, பொது ரோடு பக்கம் கொண்டுபோகாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம், எதிரே ஆடு மேய்ப்பவர் வந்தால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? தனியாகவும் போகாதீர்கள். விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டும்.

பாதையைப் படிங்க!

போட்டிக்கு முன் பாதையைப் பார்க்க வாய்ப்பு தருவார்கள். நடந்து பார்க்க அனுமதி இருந்தால் நடந்தே போங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும். ஒன்று, மேட்டுக்கு அந்தப்பக்கம் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது? இரண்டு, எங்கே பிரேக் பிடிக்கணும்? அதற்கு மரம், பாறை என அசையாத அடையாளம் வேண்டும். மூன்று, கெட்டி மண் எங்கே புழுதியாகவோ சரளையாகவோ மாறுகிறது?

முழுப் பாதையும் ஒரேயடியாக மனதில் ஏறாது. நாலைந்து துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி கண்ணை மூடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் படம் மங்கலாகிறதோ, அங்கே நாளைக்கு வேகத்தைக் குறைக்கணும்.

ரேஸ் நாள்

* இரண்டு மணி நேரம் முன்பே இட்லி, வாழைப்பழம் மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். வெயிலில் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். தண்ணீர், ஓ.ஆர்.எஸ் கையில் இருக்கட்டும்.

* டூல்ஸ், ஸ்பேர் டியூப், லீவர், கேபிளோடு கூட ஒரு நண்பர் கட்டாயம்.

* ரைடர்ஸ் மீட்டிங்கை மிஸ் பண்ணாதீர்கள். கொடிகளுக்கு என்ன அர்த்தம், ஆம்புலன்ஸ் எங்கே என்பதெல்லாம் அங்கேதான் சொல்வார்கள்.

* முதல் ரன்னில் உங்கள் வேகத்தில் 80 சதவிகிதம் போதும். அடுத்த ரன்னில், தெளிவாகத் தெரிந்த இடங்களில் மட்டும் கூட்டுங்கள்.

* விழுந்தால் முதலில் பின்னால் பாருங்கள். அடுத்த ரைடர் வந்துகொண்டிருப்பார். பைக்கை ஓரம் கட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். பாதையில் எதிர்த்திசையில் மட்டும் ஓட்டவே கூடாது.

* தலையில் அடிபட்டு, கொஞ்சம் சுற்றுவது போல இருந்தால்கூட அன்றைக்கு ரேஸ் முடிந்தது. டாக்டரைப் பாருங்கள். அடுத்த ரேஸ் எப்போதும் வரும்.

ரிசல்ட் ஷீட்டில் பேர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு ரன்னுக்கும் எடுத்த நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரன்னைவிடக் கடைசி ரன்னில் நேரம் குறைந்து, பைக்கும் நீங்களும் முழுசாக வீடு திரும்பினால் உங்கள் முதல் ரேஸ் சக்சஸ். அடுத்த போட்டியில் நீங்கள் முந்த வேண்டிய முதல் ஆள், அந்த நோட்டில் இருக்கும் நேரம்தான்!