கருப்பட்டிக்குப் பின்னால் என்ன விரிப்பது?

ஒரு பொருளைப் படம் எடுக்கும்போது அதற்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி நம்ம செல்போனோடு வந்ததில்லை. ஃபோட்டோ எடுக்கும் வித்தை 1839-இல் உலகத்துக்குத் தெரிய வந்தது. ஐந்தே வருஷத்தில், 1844-இல், இங்கிலாந்தில் டால்பாட் என்பவர் ஃபோட்டோக்கள் ஒட்டிய ஒரு புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார். அதில் பீங்கான் சாமான்களை அலமாரித் தட்டில் அடுக்கி எடுத்த படம் ஒன்று, கண்ணாடிச் சாமான்களை எடுத்த படம் ஒன்று. வெளிச்சமான பொருள், பின்னால் இருட்டு. இந்தச் சாமான்கள் திருட்டுப்போனால் படத்தைக் கோர்ட்டில் சாட்சியாகக் காட்டலாமே என்றும் எழுதி வைத்தார். அந்த ‘சாட்சி’ என்ற வார்த்தைதான் எனக்குப் பிடித்தது.

நம்ம ஜில்லாவில் பின்னணிக்குப் பேர் போன ஊர் கோவில்பட்டி. சி. கொண்டையராஜு (1898–1976) மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு காலண்டராகத் தொங்கின. சாமிக்குப் பின்னால் தெரியும் மலையும் தடாகமும் நாடகத் திரையிலிருந்து இறங்கி வந்தவை என்றே எனக்குத் தோன்றும். ஃபோட்டோ ஸ்டுடியோக்களிலும் இதே கதைதான். மாடிப்படி, தூண், பூந்தொட்டி எழுதிய திரைக்கு முன்னால் நம்ம அம்மாமார் கல்யாணப் படத்துக்கு நின்றார்கள். அந்த மாடிப்படியில் அவர்கள் ஏறியதே இல்லை. யாரும் அதைப் பொய் என்று சொன்னதும் இல்லை, அது ஆசை.

விற்கிற பொருளுக்கு அப்படி முடியுமா? தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. கண்காட்சியில் கடை விரித்தோம். வாங்குகிறவர்கள் கையில் எடுத்து, மோந்து, ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்த்தார்கள். இப்போது முகம் தெரியாத ஆள் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்.

குழுவில் முதலில் வந்த யோசனை வெள்ளை வேட்டி. “சுத்தமா தெரியும்லா” என்றார் ஒரு அக்கா. ஆனால் வெள்ளை அதிகமானால் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கருப்பட்டி கரிக்கட்டி மாதிரி ஆகிவிடும். கறுப்புத் துணி போட்டால் போன் வெளிச்சத்தைக் கூட்டும், கருப்பட்டி வெளுத்து வெல்லம் மாதிரி தெரியும். உடன்குடிக்காரிக்கு அதைவிட அவமானம் உண்டா? தேரி மண்ணைப் பரப்பினால் செம்மண் நிறத்தில் கருப்பட்டி ஒளிந்துகொள்ளும், போதாததற்கு மண்ணும் ஒட்டும். நடுவாந்தர நிறம்தான் சரிப்பட்டது: சாக்கு, சிமெண்ட் திண்ணை, காய்ந்த பனையோலைப் பாய். பாயைப் பொருளுக்கு அடியில் விரிக்காமல் இரண்டடி பின்னால் தள்ளி வைத்தால் பின்னல் கண்ணை இழுக்காது. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

ஓலைப் பெட்டியைப் பற்றி மட்டும் பெரிய வாக்குவாதம் நடந்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாகிவிட்டது. ஆனால் சீனி கலந்த கருப்பட்டியையும் அதே ஓலைப் பெட்டியில் வைத்து, பின்னால் பனைமரப் படத்தை ஒட்டி, ‘உடன்குடி’ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்டி யாருக்காகவும் பேசும். ஆம்பிளைகள் பனை ஏறி இறக்கும் பதநீரை அடுப்பு அனலில் நின்று காய்ச்சுவது காலங்காலமாகப் பெண்கள். அந்தப் பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய விலையைச் சீனி மூட்டை கொண்டுபோகிறது.

பெட்டியை விட்டுவிட வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். ஓலையும் நாரும் நம்ம கைவேலை, யாரோ திருடுகிறார்கள் என்று நாம் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? ஆனால் அது தனியாக நிற்கக் கூடாது. கருப்பட்டி வார்த்த சிரட்டை பக்கத்தில் இருக்கட்டும். ஒரு கருப்பட்டியை உடைத்து உள்பக்கம் தெரிய வைப்போம். இரண்டாவது படம் காய்ச்சின இடத்திலேயே எடுத்தது, அடுப்பும் சட்டியும் தெரிய. பின்னால் சுவர் கரி பிடித்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குமேல் திரை கட்ட வேண்டாம்.

இது தீர்மானமாகி நோட்டில் ஏறிவிட்டது. பனங்கற்கண்டுக்குத்தான் இன்னும் முடிவு வரவில்லை. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற பொருள், பின்னால் இருட்டு வைத்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டால் பொன்னாக மின்னுகிறது. பிள்ளைகள் எழுதுகிற கறுப்புச் சிலேட்டு போதும் என்கிறேன் நான். பழைய மரப்பலகைதான் அழகு என்கிறார் எங்கள் பொருளாளர்.