தர்ஷ்: குட்டன்பேர்க்குக்கு முந்திய அறபு அச்சு

சாப்பாடு வாங்கி வரும் ரெஜிபோம் பெட்டியின் மூடி, ஒரு போல்பொயின்ட் பேனை, கொஞ்சம் போஸ்டர் கலர். வீட்டில் அச்சுப் பதிக்க இவ்வளவும் போதும். பேனையால் அழுத்திக் கீறினால் கோடு பள்ளமாகும். பஞ்சால் மெல்லிதாக நிறம் ஒற்றி, தாளை வைத்துத் தேய்த்தால் பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் நிறம் விழும். எழுத்தென்றால் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிக் கீற வேண்டும். அறபு எழுத்தை இடமிருந்து வலமாகக் கீறச் சொன்னால் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்!

இதே வேலையை எகிப்தில் 10ஆம் நூற்றாண்டளவிலேயே செய்திருக்கிறார்கள். அச்சு என்றாலே நாம் 1450களின் குட்டன்பேர்க்கில்தான் பாடத்தைத் தொடங்குகிறோம். அவருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சடித்த அறபுத் தாயத்துத் தாள்கள் இன்று வியன்னா, கேம்பிரிட்ஜ் நூலகங்களில் இருக்கின்றன. ஒடுங்கிய, நீண்ட தாள்கள். அல்குர்ஆன் ஆயத்துகளும் பிரார்த்தனைகளும் நிறைந்தவை. சுருட்டிக் கூட்டுக்குள் போட்டுக் கழுத்தில் அணிவார்கள். சிலவற்றின் தலைப்பு, நமது ரெஜிபோம் அச்சைப் போலவே, கறுப்பில் வெள்ளை எழுத்து.

இந்த அச்சுக்கு 'தர்ஷ்' என்று பெயர். அந்தச் சொல் நமக்குக் கிடைப்பது ஆலிம்களின் கிதாபுகளிலிருந்து அல்ல. 10ஆம் நூற்றாண்டில் அபூ துலஃப் பாடிய ஒரு கவிதையிலிருந்து. 'பனூ சாசான்' எனப்பட்ட பிச்சைக்காரர், ஏமாற்றுக்காரர் கூட்டத்தின் தந்திரங்களைப் பட்டியலிடும் கவிதை அது. 14ஆம் நூற்றாண்டின் ஸஃபியுத்தீன் அல்ஹில்லீ, வெள்ளீயத்தில் செய்த தர்ஷைக் குறிப்பிடுகிறார். ஆக, இது தெருவோரத் தொழில். கையால் எழுதுவிக்கக் காசில்லாத ஏழைக்கு மலிவாகக் கிடைத்த தாள். அது கையெழுத்தா அச்சா என்று வாங்கியவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அடித்தவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன் இது நூல் அச்சாக வளரவில்லை? எங்கள் எண்ணத்தில், அச்சு தவறான கையில் இருந்ததே பெரிய காரணம். கிதாபுகளைப் பிரதி செய்யும் வர்ராக்குகளுக்கு மதிப்பும் இருந்தது, வேலையும் இருந்தது. தெருவில் ஏமாற்றுபவனின் கருவியை அவர்கள் ஏன் தொடப்போகிறார்கள்? 1294இல் தப்ரீஸில் மொங்கோலிய ஆட்சியாளர் கைகாத்து, சீன முறையில் அச்சடித்த காகிதப் பணத்தைக் கட்டாயமாக்கியபோதும் கடைகள் மூடப்பட்டன, சந்தை குழம்பியது, சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்காக, "அச்சைக் கண்டுபிடித்தது முஸ்லிம்களே" என்று பதிவு போடவும் வேண்டாம். சீனாவில் 868ஆம் ஆண்டுத் தேதியிட்ட, மரக்கட்டையில் அச்சடித்த பௌத்த நூலே இன்னும் இருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: ஆயத்துகளைக் கீற விடாதீர்கள். ரெஜிபோம் கடைசியில் குப்பைக்குத்தான் போகும். பிள்ளைகள் தங்கள் பெயரைக் கீறட்டும்.