மூன்றாம் நாள் எலிகள்

நோயெதிர்ப்பு செல்கள் குறைஞ்சா எதிர்ப்புதானே குறையணும்? 1969-ல் ஜப்பானில் நிஷிசூக்காவும் சகாகுராவும் பார்த்தது வேறு. பிறந்த மூன்றாம் நாள் சுண்டெலிகளுக்குத் தைமஸ் சுரப்பியை எடுத்தார்கள். பெண் எலிகளின் சினைப்பை அழிந்துபோனது. ஏழாம் நாள் எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன் குறைபாடு என்றுதான் முதலில் நினைத்தார்கள். தாக்கியது எலியின் சொந்த டி செல்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. எலியின் ரகத்தைப் பொறுத்து தைராய்டு, இரைப்பையும் அடிவாங்கின. (ஒரு ஃபைலை நீக்கினா சம்பந்தமே இல்லாத இடத்துல எரர் வருமே, அந்த மாதிரி.)

ஷிமோன் சகாகுச்சி அந்த எலிகளுக்கு ஆரோக்கியமான எலியின் டி செல்களைச் செலுத்தினார், நோய் வரவில்லை. அப்படின்னா, தைமஸிலிருந்து கொஞ்சம் தாமதமா வெளியேறும் ஒரு காவல் கூட்டம் இருக்கணும். ஆனால் 'அடக்கும் செல்கள்' என்ற பேச்சுக்கே 1980-களில் மதிப்பு போயிருந்தது. அவற்றுக்கானது என்று நம்பிய ஐ-ஜே மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை! பலர் ஒதுங்கினார்கள், இவர் ஒதுங்கவில்லை.

1995-ல் அடையாளம் சிக்கியது: சிடி25. அது உள்ள செல்களை நீக்கி, மிச்சத்தை தைமஸ் இல்லாத எலிக்குச் செலுத்தினால் அதே உறுப்புகள் அடிவாங்கின. திரும்பச் சேர்த்தால் நோய் தடுக்கப்பட்டது. மேரி ப்ரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடு அவருக்கு நோபல் கிடைத்தது 2025-ல்.