இயங்க மறுத்த கணினிகள்: புலம்பெயர் தமிழ்க் கணிமை வரலாற்றில் எழுதப்படாத ஒரு பகுதி

புலம்பெயர் தமிழர் தம் மொழியைக் கணினியில் எழுதத் தொடங்கிய வரலாறு, பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாறாகவும் விசைப்பலகைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன், 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகியவை அவ்வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டன. அவ்வெழுத்துகளைத் தாங்கி நின்ற பொறிகள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. சங்க மலர்களும் தமிழ்ப் பள்ளிப் பாடங்களின் மூலப்படிகளும் வீட்டுக் கணினி ஒன்றில் மட்டுமே இருந்த காலம் அது. அக்கணினி ஒரு நாள் இயங்க மறுத்தால் உள்ளிருந்த எழுத்தும் அழிந்துவிட்டதாகவே கொள்ளப்பட்டது. இந்த முடிவு பல வேளைகளில் தவறானது என்பதைப் பழுதுகளின் வரலாறே காட்டுகிறது.

முதற்காலப் பழுதுகளுள் எளியது மின்கலத்தால் நேர்ந்தது. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி வகைக் கணினி, தன்னுடன் இணைந்த வன்தட்டு எவ்வகையது என்னும் செய்தியைச் சிறியதொரு நினைவகத்தில் வைத்திருந்தது. அந்நினைவகத்தை உயிர்ப்புடன் காத்தது ஒரு மின்கலம். மின்கலம் தீர்ந்ததும் கணினி தன் வன்தட்டையே மறந்துவிடும். திரையில் தோன்றும் அறிவிப்பைக் கண்டவர், வன்தட்டு கெட்டதென எண்ணுவது இயல்பே. தட்டோ எக்குறையுமின்றி இருந்தது. மின்கலத்தை மாற்றி, தட்டின் உருளைகள், முனைகள், பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை மீண்டும் உள்ளிடுவதே போதுமானதாயிருந்தது. பின்வந்த பல தாய்ப்பலகைகளில் பற்றவைக்கப்பட்ட நிக்கல் காட்மியம் மின்கலங்கள் கசிந்து செப்புத் தடங்களை அரித்தன. அவ்வாறான பலகையைச் செப்பனிடுவது கடினம். ஆனால் அப்போதும் வன்தட்டுக்கு ஊறில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பரவிய மின்தேக்கிப் பழுது இதனினும் விரிவானது. செயலிக்கு வேண்டிய குறைந்த மின்னழுத்தத்தை ஏற்றத்தாழ்வின்றி வழங்குவதற்காகத் தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றி அலுமினிய மின்தேக்கிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். 1999 முதல் ஏறத்தாழ 2007 வரை விற்பனையான பல கணினிகளில், தைவானிய நிறுவனங்கள் சில செய்த மின்தேக்கிகள் பயன்பட்டன. அவற்றின் உள்நீர்மத்தில் நீரின் பங்கு மிகுதி. அந்நீர் அலுமினியத்தைத் தாக்காமல் தடுக்கும் வேதிப்பொருள்களோ போதுமான அளவில் இல்லை. ஆகவே உள்ளே ஐதரசன் வளி திரண்டு, மின்தேக்கியின் தலை புடைத்து, இறுதியில் பழுப்பு நிறக் கசிவு வெளிப்பட்டது. பிறர் கண்டறிந்த நீர்ம வாய்பாடு அரைகுறையாகத் திருடப்பட்டதே இதற்குக் காரணம் என்னும் கதை 2002 முதல் தொழில் இதழ்களில் உலவியது. சுவையான கதைதான், வேதியியல் விளக்கத்திற்கு அது தேவைப்படவில்லை. பழுதின் அளவை உணர ஒரு செய்தி போதும்: டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் நேர்ந்த இக்குறையைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது.

இப்பழுது படிப்படியாக முற்றும் இயல்புடையது. முதலில் கணினி காரணமின்றி நின்றுபோகும். ஆறிய பின் மீண்டும் இயங்கும். நாளடைவில் நிற்பது மிகுந்து, ஒரு நாள் விசையை அழுத்தியும் எழாது. இடைப்பட்ட காலத்தில் பயனர் நச்சுநிரலையோ இயங்குதளத்தையோ, புதிதாக நிறுவிய தமிழ் மென்பொருளையோதான் ஐயுறுவார். அதன் விளைவாக வன்தட்டை முழுதும் அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல் அக்காலத்தில் வழக்கமான மருந்தாயிற்று. அம்மருந்து மின்தேக்கியைத் தொடவில்லை. தட்டிலிருந்த எழுத்தையே அழித்தது. நோய் பொறியில் இருக்க, அறுவை ஏட்டில் நடந்தது எனலாம். பெட்டியைத் திறந்து மின்தேக்கிகளின் தலையை நோக்கியிருந்தால், அரை நிமிடத்தில் காரணம் கண்ணிலேயே பட்டிருக்கும்.

தட்டு மீட்கப்பட்ட பின்னரும் எழுத்து உடனே படிக்கக் கிடைப்பதில்லை என்பது தமிழுக்குரிய தனிச் சிக்கல். ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 வரும்வரை பெரும்பாலோரின் கணினிகளில் அதனை எழுதவும் காட்டவும் வழியில்லை. ஈழத்தமிழர் புலம்பெயர்ந்த நாடுகளில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். திஸ்கி குறியேற்றமோ ஆங்கில எழுத்துகளை விட்டுவைத்து, 8 பிட்டு அட்டவணையின் பிற்பாதியைத் தமிழுக்கு ஆக்கிக்கொண்டது. எகரக் கொம்பை மெய்க்கு முன்னரே பதிந்தது. ஒருங்குறியில் மெய் முன்னும் கொம்பு பின்னும் வரும். எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு, எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

அதற்குரிய சான்று அதே தட்டின் எழுத்துருக் கோப்புறையில் உள்ளது. மீட்பவர்கள் பெரும்பாலும் ஆவணங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு, எழுத்துருக்களைப் பயனற்றவை என விட்டுவிடக்கூடும். ஓர் அச்சகமோ இதழோ தன் தேவைக்கெனத் திருத்திக்கொண்ட எழுத்துரு வேறெங்கும் கிடைக்காது. ஏட்டைக் காத்து, அதன் எழுத்தைப் படிக்கும் வகையை இழப்பதற்கு இது நிகரானது.

மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குப் பெயர்ந்து இன்றும் வாழ்வதற்கு, அவை ஒரு பொறியை மட்டும் நம்பியிராமையே பெருங்காரணம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சேறிய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படிமமாக்கிக் காத்து வருகிறது. ஆயினும் அச்சேறாத வரைவுகளும் கடிதங்களும் பழைய வன்தட்டுகளில்தாம் எஞ்சியிருக்க இயலும். எழுத்தாளர் ஒருவரின் பழைய கணினி நூலகத்திற்கு அளிக்கப்படும்போது, ‘இயங்குகிறதா’ என விசையை அழுத்திப் பார்ப்பதே இயல்பாக எழும் முதற்செயல். அதுவே தவிர்க்கத்தக்கதும் ஆகும். கெட்ட மின்வழங்கி தட்டையும் கெடுக்கலாம். இயங்குதளம் எழுந்தவுடன் தானாகவே தட்டில் எழுதத் தொடங்கும். வன்தட்டைக் கழற்றி, எழுதுவதைத் தடுக்கும் இணைப்பியின் வழி முழுத் தட்டையும் எழுத்துருக்களோடு படியெடுத்த பின்னரே அக்கணினியை இயக்குவது பற்றி எண்ணவேண்டும்.