காற்று நூற்கும் நூலும் ஒரு பழைய சமன்பாடும்



உங்களில் சிலர் ஓ.இ. மில்களில் வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் ஓட்டும் இயந்திரத்தின் கதை இது.

ராட்டை முதல் ரிங் ஃபிரேம் வரை முறுக்கு ஏற்றுவது கதிர்தான். நூல் சேரச் சேர, அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு அது சுற்ற வேண்டும். 1967இல் செக்கோஸ்லோவாகியா சந்தைக்குக் கொண்டுவந்த பி.டி. 200 இயந்திரத்தில் கதிரே இல்லை. பல் உருளை பஞ்சை இழை இழையாகப் பிரிக்கும். காற்று அந்த இழைகளைச் சிறு குழாய் வழியே இழுத்துப்போய், சுழலும் ரோட்டருக்குள் சேர்க்கும். அங்கே முறுக்கேறி நூலாகும்.

வாய்க்கால் குறுகும் இடத்தில் நீர் வேகமெடுக்கும். துரும்பு நேராக ஓடும். சுழியில் சிக்கினால் அங்கேயே சுற்றும். இழைக்கும் அதே கதைதான். காற்று சுழித்தால் இழை மடங்கும். மடங்கிய இழை நூலுக்குப் பலம் தராது. ஆனால் மூடிய குழாய்க்குள் ஓடும் காற்றை எப்படிப் பார்ப்பது? குழாயைச் செய்து, நூற்று, நூலைச் சோதித்து, மறுபடி வேறு குழாய் செய்து என்றே பெரும்பாலும் திருத்தினார்கள்.

விடைக்கான கணக்கோ எப்போதோ எழுதப்பட்டிருந்தது. நீரும் காற்றும் பாயும் விதத்துக்கான சமன்பாட்டைப் பிரான்சின் நேவியர் 1822இலும், பிரிட்டனில் ஸ்டோக்ஸ் 1845இலும் தந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட குழாய்க்கு அதைக் கையால் போட்டு முடிக்க முடியாது. கணினி வந்தபின், குழாயைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிட்டார்கள். 1990களில் ரோட்டர் இயந்திரத்துக்கும் இதைச் செய்தார்கள். குழாயின் நுழைவாயிலில் சுழி உண்டாவதும், உருளையின் வேகத்துக்கேற்ப அது மாறுவதும் திரையில் தெரிந்தன.

ஜப்பானின் முராடா நிறுவனம் 1997இல் காட்சிக்கு வைத்த வோர்டெக்ஸ் இயந்திரத்தில் ரோட்டரும் இல்லை. அழுத்தக் காற்றின் சுழலே முறுக்குகிறது. அங்கே பகையாக இருந்த சுழி, இங்கே வேலைக்காரன்! காற்றுத் துளைகள் எத்தனை, எந்தச் சாய்வில் என்பதையெல்லாம் இன்று உலோகத்தைத் தொடுமுன் கணினியில் போட்டுப் பார்க்க முடிகிறது. காற்றை அழுத்த மின்சாரம் செலவாவதால், இதில் மிச்சமாவது பணமும்தான்.

இருந்தாலும் திரையில் தெரிவது கணக்கு மட்டுமே. கடைசித் தீர்ப்பு, மில்லில் நூலை இழுத்துப் பார்த்துப் பலம் சோதிப்பவருடையது. அதாவது உங்களுடையது.

“இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?” என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், ஸ்டோக்ஸ் எழுதியது பஞ்சு மில்லுக்கு வந்துசேர ஏறக்குறைய 150 ஆண்டு ஆயிற்று என்று சொல்லுங்கள்.